34 ரூபாய்ப் படமும் 500 ரூபாய்ப் படமும்

ஒரு சினிமா டிவிடிக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று கேட்டால் நான் ஒரே விலை சொல்வதில்லை. ஒரு தடவை பார்த்துவிட்டு எழுந்து போகிற படத்துக்கு ஒரு விலை. பீரோவில் வைத்துப் பேரன் பேத்திக்கும் போட்டுக் காட்ட வேண்டிய படத்துக்கு இன்னொரு விலை. முதலாவது எவ்வளவு மலிவாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. இரண்டாவதையும் அதே மலிவில் கேட்பது அந்தப் படத்துக்கு நாம் செய்கிற கேடு. தமிழ்ப் பட டிவிடி வியாபாரம் படுத்ததற்குப் பல காரணம் சொல்கிறார்கள். இந்த இரண்டு விலையையும் ஒன்றாக்கியது அதில் பெரிய காரணம் என்பது என் கட்சி.

மதுரை செல்லூரில் பாலம் ஸ்டேஷன் ரோட்டை ஒட்டிய சந்தில் எனக்கு வீடியோ லைப்ரரி இருந்தது. இப்போது அதே கடையில் ஜெராக்ஸும் ரீசார்ஜும். பின்பக்கச் சுவரில் இரண்டு ரேக் நிறைய டிவிடி இன்னும் இருக்கிறது, தேடி வருகிறவர்களும் இருக்கிறார்கள். கேசட் காலத்தில் யாரும் படத்தை விலைக்கு வாங்கவில்லை. ஒரு ராத்திரிக்கு வாங்கினார்கள். அட்வான்ஸ் கட்டி, பத்து ரூபாய் வாடகை கொடுத்து, மறுநாள் காலையில் கொண்டுவந்து விட வேண்டும். சடங்கு வீடு, கல்யாண வீடு என்றால் டிவி, டெக், நாலு கேசட் எல்லாம் சேர்த்து ஒரு வாடகை. தெருவே உட்கார்ந்து விடிய விடியப் பார்க்கும். பல கை மாறிய கேசட்டில் தேய்மானம் தெரியும், படத்தின் குறுக்கே கோடு ஓடும். "அண்ணே, இது ஓடித் தேஞ்ச கேசட்டு, அஞ்சு ரூவா எடுத்துக்கங்க" என்பார்கள். நானும் எடுத்துக்கொள்வேன். படம் எந்த நிலையில் இருக்கிறதோ அதற்குத் தக்க விலை என்பதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது செல்லூர் ஜனம்தான்.

விசிடி வந்த பிறகுதான் படத்தைச் சொந்தமாக வைத்துக்கொள்ளும் ஆசை வந்தது. ஒரு சிடியில் 74 நிமிஷம் பிடிக்கும், மிஞ்சிப் போனால் 80. இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படத்துக்கு இரண்டு சிடி, நீளமான படம் என்றால் மூன்று. படத்தின் அளவு 352-க்கு 288 புள்ளி. இன்றைய பெரிய டிவியில் போட்டால் முகம் கட்டம் கட்டமாக உடையும். அன்றைய 20, 21 இஞ்ச் பெட்டியில் அது யார் கண்ணையும் உறுத்தவில்லை. உறுத்தியது விலைதான். அடுத்து வந்த டிவிடி, ஒரிஜினல் என்றால் என் கடையில் 150-லிருந்து 250 வரை போனது. பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் பிளாட்பாரத்தில் திருட்டு விசிடி 30, 40-க்குக் கிடைத்தது. 2004-ல் குண்டர் சட்டத்தைத் திருத்தி வீடியோ திருட்டையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். பிளாட்பாரம் கொஞ்ச நாள் காலியாக இருக்கும், பிறகு அடுத்த மூலையில் முளைக்கும். என் கடையில் திருட்டு சிடி வைத்ததில்லை. அதை வாங்கியவர்களைத் திட்டியதும் இல்லை. நாள் முழுக்கத் தறி ஓட்டிவிட்டு வருகிறவர் ஒரு படத்துக்கு 200 ரூபாயை எடுத்து வைப்பாரா?

மதுரைக்காரர் டிவிடி விலையைத் தியேட்டர் டிக்கெட்டோடுதான் வைத்துப் பார்ப்பார். அதுவும் மலிவான டிக்கெட்டோடு. மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் 1952-ல் திறந்த தங்கம் தியேட்டரில் 2,500 பேருக்கு மேல் உட்காரலாம். அவ்வளவு பெரிய கொட்டகை நிறைய வேண்டுமென்றால் ரிக்‌ஷா இழுப்பவரும் வர வேண்டும், பூக்கட்டுகிற அம்மாவும் வர வேண்டும். அவர்களுக்கு எட்டுகிற டிக்கெட் இருந்தது, வந்தார்கள். இன்று அந்த இடத்தில் ஜவுளிக்கடை. சினிமா என்றால் எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்ற நினைப்பு இந்த ஊரில் அப்படி ஊறிப்போனது. அரசாங்கமும் டிக்கெட்டுக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2017-ல் மல்டிபிளெக்ஸ் டிக்கெட்டை 120-லிருந்து 150 ஆக்கினார்கள், வரி தனி. அதற்கே எவ்வளவு பேச்சு! அந்தப் பேச்சு நியாயமான பேச்சுதான். புதுப் படத்தை ஒரு தடவை பார்ப்பதற்கு நாலு பேர் உள்ள குடும்பம் ஒரு நாள் கூலியைக் கொட்டக் கூடாது.

இந்த நியாயத்தை டிவிடியில் முதலில் பிடித்தது மோசர் பேர். வெறும் சிடி, டிவிடி தயாரித்துக்கொண்டிருந்த கம்பெனி. 2007-ல் படம் போட்டு விற்க வந்தபோது விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று விலை வைத்தது. திருட்டு சிடி விலைக்கே ஒரிஜினல்! முதல் பண்டல் வந்த நாள் நினைவிருக்கிறது. அட்டையில் அச்சடித்திருந்த எம்.ஆர்.பி.யைப் பார்த்துவிட்டு ஜனம் நம்பவில்லை. "இது ஒரிஜினல்தானாண்ணே?" என்று திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். நான் தட்டை எடுத்துக் கவிழ்த்துக் காட்டுவேன். ஆலையில் அச்சழுத்திய தட்டின் அடிப்பக்கம் பளிச்சென்று வெள்ளியாக இருக்கும். வீட்டிலோ கடையிலோ கம்ப்யூட்டரில் பதிந்த தட்டில் ஊதா நிறமோ பச்சையோ ஓடும். நடு ஓட்டையைச் சுற்றிய வளையத்தில் பொடி எழுத்தில் ஒரு நம்பர் இருக்கும். இதையெல்லாம் பார்த்த பிறகு ஒரு படம் வாங்க வந்தவர் நாலு படம் வாங்கிப் போவார். பிளாட்பாரத்துப் பக்கம் போய்க்கொண்டிருந்த கால்கள் கடைக்குத் திரும்பின. போலீஸ் வைத்துப் பிடித்து ஆகாத காரியத்தை ஒரு விலைச்சீட்டு கொஞ்ச காலத்துக்காவது செய்து காட்டியது. அந்தக் கம்பெனி 2018-ல் கலைப்புக்குப் போனது. விலை வைத்த அந்தத் துணிச்சலுக்கு எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

2015-ல் இயக்குநர் சேரன் ஒரு முயற்சி எடுத்தார். புதுப் படத்தையே 50 ரூபாய் டிவிடியாக நேரே வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதுவும் சரியான விலை. நான் சொல்கிற முதல் வகை விலைக்கு அதைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஆனால் காலம் கடந்துவிட்டது. அடுத்த வருஷம் செப்டம்பரில் ஜியோ வந்தது, படம் பார்ப்பது போனுக்குள் போய்விட்டது.

இனி இரண்டாவது விலைக்கு வருகிறேன். எனக்கு ஆத்திரம் வருகிற இடம் இதுதான்.

28-ம் 34-ம் வந்ததும் எல்லோரும் விலையை இறக்கினார்கள். அதற்கு மேலும் இறக்க வழியில்லாதபோது பொருளில் கை வைத்தார்கள். ஒரே டிவிடியில் மூன்று படம், "த்ரீ இன் ஒன்". ஒரு அடுக்கு டிவிடியில் 4.7 ஜிபி, இரண்டு அடுக்கு என்றால் 8.5 ஜிபி. ஒரு தமிழ்ப் படம் மூச்சு விட்டு உட்கார அந்த 8.5 வேண்டும். அதில் ஏழு மணி நேரத்துக்கு மேற்பட்ட படத்தைத் திணித்தால் என்ன ஆகும்? மழைக் காட்சி வந்தால் திரை முழுக்கப் புழு நெளியும். சினிமாஸ்கோப் படத்தை டிவி அளவுக்கு இரண்டு பக்கமும் வெட்டினார்கள். இருவர் எதிரெதிரே நின்று பேசும் காட்சியில் இந்த ஓரத்தில் ஒரு மூக்கு, அந்த ஓரத்தில் ஒரு மூக்கு, நடுவே சுவர் மட்டும் தெரியும். மூலையில் படம் முழுக்கப் போகாத கம்பெனி முத்திரை. பாட்டைக் காணோம். தாண்டிப் போக முடியாத விளம்பரம் முன்னால். புதுப் படத்துக்குக்கூட இதைப் பொறுத்துக்கொள்ளலாம், வேறு நல்ல பிரதி எங்காவது இருக்கும். பழைய கறுப்பு வெள்ளைப் படத்துக்கும் இதையே செய்தார்கள். பல படத்துக்கு அதுதான் கடைசிப் பிரதியாகவும் ஆகிப்போனது.

போன வருஷம் ஆரப்பாளையத்திலிருந்து ஒரு அக்கா இரண்டு கட்டைப் பை நிறைய டிவிடி, விசிடி கொண்டுவந்து மேசையில் வைத்தார். மில் வேலையில் இருந்து ஓய்வு பெற்ற அவர் வீட்டுக்காரர் சேர்த்தது. அவர் காலமாகிவிட்டார்.

"தம்பி, எடைக்குப் போடச் சொல்றான் மகன். எனக்கு மனசு வரல. நீங்க நியாயமா ஒரு விலை சொல்லுங்க."

"உக்காருங்கக்கா, ஒவ்வொண்ணாப் பாக்கணும்."

அட்டையைப் பிரித்தால் உள்பக்கம் ஒவ்வொன்றிலும் அவர் பால்பாயிண்டில் வாங்கிய விலையும் வருஷமும் எழுதியிருந்தார். நான் வருஷ வரிசையில் அடுக்கினேன். 250, 225, 199, 99 என்று இறங்கி வந்து, 2007-ல் ஒரேயடியாக 34, 28. அந்த வருஷம் வாங்கியது மட்டும் ஒரு பை நிறைய. பிறகு த்ரீ இன் ஒன் காலம், பிறகு கடைகள் மூடுகிற காலத்தில் கழிவு விலை 15, 10. ஒரு சம்சாரி தன் சம்பளத்தில் படம் வாங்கிய வரலாறு முழுக்க அந்த அட்டைகளில் இருந்தது. 250 கொடுத்த காலத்தில் வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோதான் வாங்கியிருக்கிறார். 28 ஆனதும் மாசா மாசம் வாங்கியிருக்கிறார். மலிவு விலைக்கு இதைவிட நான் என்ன சாட்சி சொல்ல?

தட்டுகளை டியூப் லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பார்த்தேன். நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகப் போகிற கீறலைப் பற்றிக் கவலை இல்லை, பெரும்பாலும் ஓடிவிடும். வட்டத்தோடு சேர்ந்து வளைந்து போகிற கீறல்தான் ஆளைக் கொல்லும், அது படம் பதிந்த தடத்தோடேயே போகிறது. துடைக்கும்போதும் நடுவிலிருந்து வெளியே துடைக்க வேண்டும், சுற்றித் துடைக்கக் கூடாது. விசிடியில் அடிப்பக்கத்தை விட மேல்பக்கத்தைப் பார்க்க வேண்டும். தகவல் அடுக்கு மேல் அச்சுக்கு நேர் கீழே இருக்கிறது. அங்கே நகம் பட்டால் போச்சு. டிவிடியில் அந்த அடுக்கு இரண்டு 0.6 மில்லிமீட்டர் தகட்டுக்கு நடுவே பத்திரமாக இருக்கும். அந்த மனிதர் எல்லாவற்றையும் பஞ்சு மாதிரி வைத்திருந்தார்.

புதுப் படங்களுக்கு ஒன்றுக்குப் பத்து ரூபாய் போட்டேன். அதற்கு மேல் விற்காது, அக்காவுக்கும் தெரியும். ஆனால் அந்த 28 ரூபாய்க் கும்பலுக்குள் ஐம்பதுகளில் வந்த கறுப்பு வெள்ளைப் படங்கள் கொஞ்சம் இருந்தன. வெட்டாத பிரதி, பாட்டு முழுசாக, முத்திரை சின்னதாக ஓரத்தில். இன்று கடையில் தேடினால் கிடைக்காதவை. அட்டையில் 28 என்று எழுதியிருப்பதால் 14 கொடுத்து முடித்துவிடலாமா? ஒவ்வொன்றுக்கும் 150 கொடுத்தேன். பக்கத்துக் கடைத் தம்பி எட்டிப் பார்த்து, "எடைக்குப் போற சாமானுக்கு இம்புட்டாண்ணே?" என்றான். இம்புட்டுத்தான். வாங்கிய விலை அந்தக் காலத்துச் சந்தை விலை. இன்று அந்தப் படத்தைப் பார்க்க வேறு வழி இல்லை என்றால், அந்த வழிக்கு உண்டான விலையைத்தான் கொடுக்க வேண்டும்.

பழைய படம் என்றால் மலிவாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் நம்மிடம் எப்படியோ ஒட்டிக்கொண்டது. பழைய படம்தானே, கறுப்பு வெள்ளைதானே என்கிறார்கள். உண்மை தலைகீழ். புதுப் படம் கம்ப்யூட்டரிலேயே பிறக்கிறது, டிவிடிக்கு மாற்ற ஒன்றும் செலவில்லை. பழைய படத்துக்கு முதலில் நெகட்டிவ் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். 1950-களின் தொடக்கம் வரை இருந்த நைட்ரேட் பிலிம் சட்டென்று தீப்பிடிக்கும், தானாகவே மக்கும். பின்னால் வந்த அசிடேட் பிலிம் வெக்கையில் கெட்டுப்போய் டப்பாவைத் திறந்தாலே வினிகர் வாடை அடிக்கும். பிலிமைக் கழுவி, கிழிந்த ஓரத் துளைகளை ஒட்டி, ஒவ்வொரு பிரேமாக ஸ்கேன் எடுக்க வேண்டும். வினாடிக்கு 24 பிரேம். இரண்டரை மணி நேரப் படத்தில் 2,16,000 பிரேம். ஒவ்வொன்றிலும் கீறலும் தூசியும் எடுக்க வேண்டும், பிறகு ஒலித்தடத்தில் இரைச்சலை எடுக்க வேண்டும். இது கூலி வேலை, கைவேலை. இதற்கு யார் பணம் கொடுப்பது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பழைய படத்தைச் சுத்தம் செய்து நல்ல டிவிடியாக்க வருமானம் பத்து லட்சம் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 34 ரூபாய்க்கு விற்றால் கிட்டத்தட்ட முப்பதாயிரம் பேர் வாங்க வேண்டும். 1940-களின் படம் ஒன்றை முப்பதாயிரம் பேர் ஒரேசமயத்தில் வாங்குவார்களா? மாட்டார்கள். அதனால் யாரும் சுத்தம் செய்ய மாட்டார்கள், கையில் கிடைத்த டிவி டேப்பையே அச்சழுத்தி விடுவார்கள். 500 ரூபாய் என்றால் இரண்டாயிரம் பேர் போதும். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலுமாக இரண்டாயிரம் பேர் இல்லாமலா போவார்கள்? 34 ரூபாயில் நின்றதால்தான் அந்த வேலை நடக்கவே இல்லை. கடைக்கழிவும் வரியும் போனால் கணக்கு இன்னும் இறுகும் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் 300 என்று சொல்லாமல் 500 என்கிறேன்.

அமெரிக்காவில் கிரைட்டீரியன் என்று ஒரு நிறுவனம் பழைய படங்களைச் சுத்தம் செய்து, டிவிடியை விடத் தெளிவான ப்ளூ ரே தட்டாகப் போடுகிறது. ஒன்றின் அச்சு விலை 39.95 டாலர். நம் பணத்தில் மூவாயிரத்தைத் தாண்டும். அதை செல்லூரில் யாரும் வாங்க முடியாது, வாங்கினாலும் ஒரு வட்டாரத்துத் தட்டை இன்னொரு வட்டாரத்து பிளேயரில் ஓட விடாத வட்டாரப் பூட்டு வேறு குறுக்கே நிற்கும். அமெரிக்கா ஏ வட்டாரம், நாம் சி வட்டாரம். அந்த விலையை இங்கே கேட்பது அநியாயம். ஆனால் அந்த விலைக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். படத்தின் முழு அகலம், சப்டைட்டில், படத்தைப் பற்றிய கட்டுரை அடங்கிய சின்னப் புத்தகம். சில பதிப்புகளில் படம் எடுத்தவர்களின் பேட்டியும் இருக்கும். இதில் பாதியாவது உள்ள தமிழ்ப் பட டிவிடிக்கு 500 கொடுக்க நான் தயார். பணம் இல்லாதவருக்கு என் ரேக்கிலிருந்து இரவல் கொடுக்கவும் தயார்.

எம்.எஸ். சுப்புலட்சுமி 1916-ல் இந்த மதுரையில் பிறந்தவர். நடித்தது ஒருசில படங்களில்தான். 1945-ல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'மீரா' அதில் கடைசிப் படம். இரண்டு வருஷம் கழித்து இந்தியிலும் வந்தது. என்னிடம் இருக்கும் தட்டில் அவர் முகம் பாலில் நனைத்த துணி மாதிரி வெளுத்துக் கிடக்கிறது. குரல் மட்டும் எல்லா இரைச்சலையும் தாண்டி வருகிறது. அந்தக் குரலுக்கு உரிய முகத்தைத் தெளிவாகப் பார்க்க ஒரு மல்டிபிளெக்ஸ் டிக்கெட்டைப் போல மூன்று மடங்கு கொடுப்பதை யாராவது அநியாயம் என்று சொன்னால், அவரோடு வாதாட எனக்கு ஒரு நாள் முழுக்க நேரம் இருக்கிறது. 1931-ல் வந்த முதல் தமிழ் பேசும் படத்தின் பிரதியே இன்று இல்லை. எந்த விலை கொடுத்தாலும் அதை யாரும் பார்க்க முடியாது.

ஆன்லைனில் படம் பார்க்க மாதச் சந்தா கட்டினால் போதாதா என்று என் தங்கச்சி மகனே கேட்கிறான். புதுப் படத்துக்குப் போதும், தாராளமாகப் போதும். முதல் வகை விலையை இன்று அதுதான் பிடித்து வைத்திருக்கிறது. 1998-ல் தபாலில் டிவிடி அனுப்பித் தொழில் தொடங்கிய நெட்பிளிக்ஸே 2023 செப்டம்பரில் அதை நிறுத்திவிட்டது. ஆனால் சந்தாவில் பார்க்கிற படம் நம்முடையது இல்லை. போன மாசம் இருந்தது இந்த மாசம் இருக்காது. பக்கத்து வீட்டுக்குக் கொடுக்க முடியாது. ஆரப்பாளையத்து அக்கா மாதிரி ஒருவர் நாளைக்கு இரண்டு பை நிறையக் கொண்டுவந்து என் மேசையில் வைக்கவும் முடியாது. கைக்குக் கை மாறுகிற உரிமைக்கும் சேர்த்துத்தான் அந்த 500.

வீட்டில் பழைய டிவிடி கிடக்கிறது, என்ன கேட்கலாம் என்று விசாரிப்பவர்களுக்கு நான் சொல்வது இது. கடந்த பதினைந்து இருபது வருஷத்துப் படம் என்றால் பத்து ரூபாய்க்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். அதற்கு முந்தையது, ஒரு தட்டில் ஒரே படம், ஓரம் வெட்டாதது, அட்டையோடு இருந்தால் 50-லிருந்து 100. கறுப்பு வெள்ளை, பாட்டு முழுசாக இருந்தால் 150, மிகவும் அரிதானது என்றால் அதற்கு மேலும். த்ரீ இன் ஒன் எனக்கு வேண்டாம், அதில் உள்ள ஒரு படம் வேறெங்கும் இல்லாததாக இருந்தால் தவிர. பூச்சி அரித்த அட்டைக்காக விலையைக் குறைக்க மாட்டேன், வட்டக் கீறலுக்குக் கட்டாயம் குறைப்பேன். பழைய பேப்பர்காரர் வண்டியில் ஏற்றுவதற்கு முன்னால் தட்டை ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள், என்ன படம் என்று எழுதி வையுங்கள்.